உள்ளே வந்தவர் யார் கேட்டாலும்

தூத்துக்குடி ஜெசிந்தா இணையத்தில் ஒரு விளையாட்டுக் கடலைக் கட்டினாள். எந்த ஊரில் இருப்பவரும் உள்ளே நுழையலாம், தோணி கட்டலாம், பந்தயம் விடலாம். அந்தக் கடலை ஓட்டும் சர்வர் நிரலை அவள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டுங்கள், திருத்துங்கள் என்று பொதுவில் வைத்தாள். உரிமம் இரண்டே வரி, அவளே தமிழில் எழுதியது: "இந்த நிரல் ஓடும் உலகுக்குள் வந்தவர் யார் கேட்டாலும், அதை ஓட்டுபவர் தம் திருத்தங்களோடு முழு நிரலையும் தர வேண்டும். பெற்றவர் அதை எவருக்கும் கொடுக்கலாம்."

ஒரு குறை இருந்தது. கூட்டம் சேர்ந்தால் கடல் அப்படியே உறைந்து நின்றுவிடும். எவ்வளவோ மல்லுக்கட்டியும் அவளுக்கு வழி பிடிபடவில்லை.

அலைமேடை என்றொரு நிறுவனம் அந்த நிரலை எடுத்து, குறையைச் சரிசெய்து, கட்டணத்துக்கு ஒரு பெரிய கடலைத் திறந்தது. கெட்டிக்கார வேலைதான், அதை மறுப்பானேன்? ஆனால் ஜெசிந்தாவின் கடலில் விளையாடியவர்களெல்லாம் அங்கே போய்விட்டார்கள். இப்படியே போனால் அவள் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

திருத்திய நிரலைத் தாருங்கள் என்று கேட்டாள். நிறுவனத்தின் தலைவர் விஸ்வேசன் சிரித்தார்.

"எழுதினது நீங்கதான் மேடம். ஆனா 'வந்தவர்'னுதானே போட்டிருக்கீங்க? நீங்க எங்க கடலுக்குள்ள வரவே இல்லையே."

சரி, வந்தே காட்டுகிறேன் என்று அவள் பதிவு செய்யப் போனால், அவள் பெயரையே தடுத்து வைத்திருந்தார்கள்.

அலைமேடையில் தோணி விடும் காயல்பட்டினம் கமருதீன் அவளுக்குப் பழைய பழக்கம். "வேற பேர்ல நுழைஞ்சிருங்கக்கா" என்றான்.

ஜெசிந்தாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் எழுதுன சர்வர்ல ஓடுற கடலு. அதுக்குள்ள நான் கள்ளப் பேர்ல போணுமோ? மாட்டேன். என் கடலை மூடுனாலும் மூடுவேன்."

"அப்ப நான் கேக்கேன்" என்றான் கமருதீன்.

கேட்டான். கேட்ட கையோடு அவன் கணக்கை நீக்கிவிட்டு விஸ்வேசன் பதில் அனுப்பினார்: "எங்கள் உலகில் இப்போது அப்படி ஒருவர் இல்லை. இல்லாதவருக்கு எதைத் தருவது?"

கமருதீனும் லேசுப்பட்டவன் இல்லை. "தள்ளிவிட்டா போயிருவேன்னு நெனச்சீங்களா? தந்தாத்தான் விடுவேன்" என்று திருப்பி எழுதினான். எழுதியவள் நான், எனக்கே உரிமை என்றாள் ஜெசிந்தா. எழுதியவள் உள்ளே வரவில்லை, வந்தவன் உள்ளே இல்லை, ஆகவே ஒருவருக்கும் தர வேண்டியதில்லை என்றார் விஸ்வேசன்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, அந்த இரண்டு வரியை மட்டும் வைத்துச் சொல்லுங்கள்: மூவரில் யார் சொல்வது சரி?

விடை: கமருதீன். எழுதியவளுக்கென்று ஜெசிந்தா தனிச்சலுகை எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆகவே அவள் வாதம் நிற்காது. விஸ்வேசனோ 'வந்தவர்' என்பதை 'இருப்பவர்' என்று படித்துவிட்டார். நிரல் கமருதீன் கைக்கு வந்தே தீர வேண்டும். வந்தபின் அவன் அதை ஜெசிந்தாவுக்குக் கொடுப்பதை இரண்டாம் வரி தடுக்காது. ஆளை வெளியே தள்ளலாம். அவன் உள்ளே வந்ததை இல்லையென்று ஆக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது.