இடது மூலைக்கு ஒரு பாஸ்

மே மாதக் கூடைப்பந்துப் போட்டி முடிந்து, பந்தலையும் பிரித்து, வெளியூர் அணிகளெல்லாம் திரும்பிப் போயாகிவிட்டது. உள்ளூர் கிளப் இந்த முறையும் இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கூடையில் தோற்றிருந்தது. மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் இனிப் பேசுவதற்கு ஒரு விஷயம்தான் மிச்சம். அடுத்த வருஷம்.

சாயங்காலமானால் ரசிகர்கள் ஆடுகளத்தின் சிமென்ட் கேலரிக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு செருப்பைக் கழற்றிப் படிக்கட்டில் வைப்பார்கள். மொத்தம் ஐந்து. ஒவ்வொரு செருப்பும் ஓர் ஆட்டக்காரன். அவற்றை நகர்த்தி நகர்த்தித்தான் வாதம் நடக்கும்.

அன்றைக்கு மெடிக்கல் கடை கனி பாயின் புதுத் தோல் செருப்புக்குச் சுருளி என்று பெயர். சுருளிவேலுக்குப் பத்தொன்பது வயது. இந்தப் போட்டியில் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பிறகு, அவனுக்கு ரப்பர் செருப்பை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"சுருளிய நடுவுல விட்டு, ரெண்டு பக்கமும் சின்னப் பசங்கள ஓடவிட்டா போதும்," என்றார் கனி பாய். "அடுத்த வருஷம் கப்பு நம்ம அலமாரியில."

"நம்ம சம்மர் கேம்ப்புக்குப் புதுசா வந்திருக்கானே, ஒரு நெட்டப் பய. அவன் தேறுவானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆளு வளர்ந்திருக்கான். பந்தப் பிடிக்கிற கை இன்னும் வளரல," என்றார் ஆட்டோக்கார முத்தழகு. "அவன விடுங்க. பாய், போன வருஷமும் இதே படியில உட்கார்ந்து இதே பேச்சுத்தான் பேசினீங்க. அப்ப அந்தோணி. இப்ப எங்க அந்தோணி?"

"அந்தோணி வேற. சுருளி போக மாட்டான்."

"உங்ககிட்ட எழுதிக் குடுத்தானா?"

"சின்னக் கோச்சு இருக்காரே, அவரக் கேளுங்க."

எல்லோரும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவன் செருப்புகளைப் பார்த்தான்.

"இருப்பான்ணே," என்றான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கனி பாய் எழுந்து, சுருளியைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியில் நான்கு பேர் மிஞ்சினார்கள்.

"கிளம்பிட்டான் பாருங்க," என்றார் முத்தழகு. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

பாண்டிச்செல்வம் மட்டும் எழவில்லை.

மத்தியானம் சென்னையிலிருந்து அவனுக்குப் போன் வந்திருந்தது. ஒரு பேங்க் அணியின் பயிற்சியாளர். "உங்க சுருளிவேல் ஆட்டத்தப் பார்த்தோம். நாளைக்குக் காலையில தேர்வு. நல்லா ஆடினா வேலை உறுதி. வரலைன்னா வேற பையன எடுத்துடுவோம்." பையனின் நம்பர் தன்னிடம் இல்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். "சொல்றேன் சார்," என்று பாண்டி போனை வைத்தான்.

இன்னும் சொல்லவில்லை.

சுருளியின் அம்மா ஏலக்காய்க் குடோனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர். அது பாண்டிக்குத் தெரியும். சுருளியின் கணுக்கால் வீங்கியிருக்கிறது, இப்போது ஆட வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். வீக்கம் முந்தாநாளே வடிந்துவிட்டது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த காலத்திலிருந்து அவன் இந்தக் கேலரியில் இருக்கிறான். வெளியூர்க்காரர்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருமுறை கூட்டத்துக்குள் கைவிட்டு அதன் கைப்பிடியைத் தொட்டிருக்கிறான். சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் விரலில் இருப்பது போலத் தோன்றும்.

கீழே ஆடுகளத்தில், கிளப்புக்குப் பயிற்சி தரும் ஆக்னஸ் கோச் பந்துகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் பாண்டிக்கும் ஒரே வயது. ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆனால் விசில் ஊதுவதிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து, பாண்டியின் வாயில் வா போ என்பது போய் வாங்க போங்க ஆகிவிட்டது. அப்படி அழைக்க வேண்டாம் என்று கோச் சொன்னதும் இல்லை. அழைக்கச் சொன்னதும் இல்லை.

பாண்டி அவரிடம் போய் நின்றான்.

"கோச், ஒரு பையன இந்த ஊர்லயே இருக்க வைக்க என்ன செய்யணும்?"

"எந்தப் பையன?"

"சும்மா. பொதுவாத்தான் கேட்டேன்."

"சரி. அந்தப் பொதுவான பையனுக்கு எத்தன மணிக்கு பஸ்?"

"எட்டரைக்கு," என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "உங்களுக்கு எப்படி..."

"வந்ததுலேருந்து நீ பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருக்க."

அதன்பின் அவன் எல்லாவற்றையும் சொன்னான். போன் வந்ததை, சொல்கிறேன் என்றதை, சொல்லாமல் இருப்பதை. கோச் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

"ஒரே ஒரு வருஷம் கோச். அவன் இன்னும் ஒரு வருஷம் மட்டும் இங்க ஆடினா போதும். அப்புறம் நானே அனுப்பி வைக்கிறேன்."

கோச் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார்.

"வா, ரெண்டு பாஸ் போடுவோம்."

பாண்டி வளையத்துக்குக் கீழே போய் நின்றான். கோச் நடுக்கோட்டருகே நின்றார். பந்து வந்தது. திருப்பி எறிந்தான். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை அவர் அவனைப் பார்த்துக்கொண்டே, பார்க்காத பக்கமாக, இடது மூலைக்கு விசையாக வீசினார். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதி விழுந்தது.

அது ஊரறிந்த பாஸ். பயிற்சியின்போது கோச் அப்படி வெறும் இடத்துக்கு எறிவார். பையன்கள் விழுந்தடித்து ஓடிப் பிடிப்பார்கள். சுருளியின் கால் வேகமே அந்தப் பந்தை விரட்டி வந்ததுதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் பையன்களுக்கும் அப்படியே எறிந்துகொண்டிருக்கிறார்.

பாண்டி பந்தை எடுத்து வந்தான். அவர் மறுபடியும் அங்கேயே வீசினார்.

"இப்ப ஓடுறதுக்குப் பசங்க யாரும் இல்லையே, கோச். இந்தப் பயிற்சி எதுக்கு?"

"இது பயிற்சி இல்ல."

"பின்ன?"

"கை தவறுறது."

பாண்டி சிரித்தான். கோச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"முன்னாடி அங்க பால்துரை நிப்பான்," என்றார் அவர். "திரும்பிப் பார்க்கவே வேணாம். போட்டா அவன் கையில இருக்கும்."

பால்துரையின் பெயர் பாண்டிக்குத் தெரியும். பாண்டி கோச்சிடம் கற்றுக்கொள்ள வருவதற்கு முன்பே, வடக்கே ஒரு ரயில்வே அணிக்குப் போய்விட்டவன்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு பொண்ணுங்க. குண்டாயிட்டான். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான், பண்ணினா ரெண்டு நிமிஷம் பேசுவான்."

"அவராவே போனாரா?"

"போக மாட்டேன்னு அழுதான். நான்தான் அவன் பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால நடந்தேன்."

"அந்த வருஷம் நம்ம டீம்?"

"முதல் ஆட்டத்துலயே வெளிய வந்தோம்."

கம்பத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பந்து இன்னும் சுவரோரம் கிடந்தது. இந்த முறை பாண்டி அதை எடுக்கப் போகவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான். சுருளி வழக்கமாக நிற்பது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

"அனுப்பிட்டா அப்புறம் மனசு கிடந்து அடிச்சுக்குமே, கோச்," என்றான். "உங்களுக்கு எத்தன நாள்ல சரியாச்சு?"

ஆக்னஸ் கோச் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"சரியாச்சுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார். "அவனுக்குப் போன் போடு. துணிமணி எடுத்து வைக்கவே அரைமணி நேரம் ஆகும்."