தளபதி தூக்கிய கர்லாக்கட்டை

வல்லையூர் ராஜா வீரநரசருக்கு அந்த வருஷம் உடற்பயிற்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. போன வருஷம் கிளிப் பைத்தியம். அதற்கு முந்தின வருஷம் என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள், விடுங்கள். இப்போது யாரைப் பார்த்தாலும் "தோளைக் காட்டு!" என்று அமுக்கிப் பார்ப்பார். சமையல்காரர்கூடத் தப்பவில்லை.

இதற்குத் தூபம் போட்டவர் தளபதி ரணகேசரி. அவருக்கு அரசவைப் புலவர் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது. பின்னே? "நம் தளபதியின் வீரமெல்லாம் மீசையில் இருக்கிறது, ஒரு சிரைப்பில் போய்விடும்" என்று புலவர் சபையில் சொல்லிவைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"மகாராஜா, சபையில் உட்காரும் எல்லோருக்கும் பரீட்சை வையுங்கள்" என்றார் ரணகேசரி. "கர்லாக்கட்டையைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்க வேண்டும். பலம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். முரசில் ஒரே அடி. சத்தம் அடங்குவதற்குள் கட்டை மேலே நிற்க வேண்டும். தூக்காதவன் ஊரைவிட்டே போகட்டும்!"

"பலே!" என்றார் ராஜா.

கூத்தபிரானோ தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே கை நடுங்கும் மனுஷர். வல்லையூரை விட்டால் போக்கிடமும் கிடையாது.

பரீட்சையன்று கோட்டை வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். தளபதி கைவீசிக்கொண்டு உள்ளே போனார். சொந்தச் செருப்பைக்கூடத் தானே எடுக்காத ஆள் அவர், கௌரவக் குறைச்சலாம். பின்னால் வந்தான் அவருடைய வெற்றிலைப் பெட்டி சுமக்கும் வெள்ளையன்.

"வெள்ளையா, வாய் கசக்குது. ஒரு வெற்றிலை குடுப்பா" என்றார் புலவர்.

"இருங்க சாமி" என்ற வெள்ளையன், கையிலிருந்த சாமானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுண்ணாம்பு தடவிக் கொடுத்தான். புலவர் மென்றார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

முதலில் பயில்வான்கள் வந்தார்கள். சின்னக் கட்டை சட்டென்று ஏறியது. கனம் கூடக்கூட வேகம் குறைந்தது. பெரிய பூண் கட்டையைத் தூக்குவதற்குள் கருத்தப்பாண்டிப் பயில்வானுக்கே கண் பிதுங்கிவிட்டது. மயிரிழையில் தப்பினார்.

அடுத்து தளபதி. அவருடைய கட்டை எல்லாவற்றையும்விடப் பருமன், பார்வைக்கு முழு இரும்பு.

"இது என் குலதெய்வத்துக்குப் பூஜை போட்ட கட்டை. யாரும் தொடக்கூடாது. தொட்டாலும் அசைக்க இந்த ராஜ்யத்தில் ஆள் கிடையாது!"

முரசு அதிர்ந்தது. தளபதி இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, "ஹூம்!" என்று கத்தினார். அதிர்ந்த தோல் அடங்கவில்லை, கட்டை உச்சியில் நின்றது.

ராஜா வாய் பிளந்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"புலவரே, உங்கள் முறை" என்று தளபதி இளித்தார்.

"நான் தோற்றேன், மகாராஜா. மூட்டை கட்டிவிடுகிறேன்" என்றார் கூத்தபிரான். "ஆனால் அந்த மாலை தளபதிக்குச் சேராது. அவரைவிடப் பலசாலி இங்கே நிற்கிறான்."

"யாரய்யா அது?" என்று உறுமினார் தளபதி.

"உங்கள் வெள்ளையன்தான்! நீங்கள் இரண்டு கையால், பல்லைக் கடித்துத் தூக்கினீர்கள். அவன் இதே கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு வெற்றிலையே மடித்துக் கொடுத்தான். பாவம், வியர்க்கக்கூட இல்லை."

தளபதி முகத்தில் அசடு வழிந்தது. ராஜா இறங்கி வந்து கட்டையை ஒரு கையால் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அவரே பின்னால் சாய்ந்தார். தட்டிப் பார்த்தார். உள்ளே முழுக்கக் குடைந்து, மேலே இரும்புச் சாயம்!

கோபத்தில் சிவந்த ராஜா, வெள்ளையனின் முழியைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பரீட்சை ரத்து! மாலை உமக்கு, புலவரே. ரணகேசரி இன்றிலிருந்து வெள்ளையனுக்கு வெற்றிலைப் பெட்டி சுமக்கட்டும். சரிதானே?"

"சரிதான், மகாராஜா" என்று மாலையைப் போட்டுக்கொண்டார் கூத்தபிரான். "ஆனால் வெள்ளையா, பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்துக்கோ. ஐயா கைக்கு எது போனாலும் உள்ளே ஒன்றும் மிஞ்சாது!"