இடது காலுக்கு ஒரு முள்

“தாயி, இன்னைக்காவது என்னையக் கயித்துல கட்டுவீகளா, மாட்டீகளா?”

கேட்டவர் இசக்கியப்பன். தென்காசிப் பக்கத்து ஆள். அறுபதைத் தொடப்போகிற வயதில் பனிமலைக்கு வந்து நிற்கிறார்.

கேட்டது சகாயராணியிடம். வால்பாறையில் பிறந்தவள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். வடக்கே பனிமலை நடுவே ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலேயே தங்கி, உறைந்த அருவிகளில் ஏறக் கற்றுக்கொடுக்கிறாள்.

அவள் அருவியை அண்ணாந்து பார்த்தாள்.

அருவி என்றால் ஓடாத அருவி. விழுந்த வாக்கிலேயே உறைந்து, பாறையில் தொங்கிக்கொண்டு நிற்கிற ஐஸ். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் ரெண்டொரு நாளில் சொட்ட ஆரம்பிக்கும். அப்புறம் அடுத்த குளிர்காலம்தான்.

“அடுத்த வருசம் ஏறிக்கலாமே அண்ணாச்சி.”

“அடுத்த வருசம் இந்த முழங்கால் என் பேச்சைக் கேக்கணுமே!”

அவள் சிரித்தாள்.

“சரி, உங்க நகத்தைக் காட்டுங்க.”

நகம் என்று அவள் சொன்னது கிராம்பானை. பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல்வரிசை. மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற முள்தான் அதற்கு உயிர். அதை ஐஸில் குத்தி, அதன் மேல்தான் முழு உடம்பும் நிற்கணும். சிலதில் முன்முள் ஒன்று இருக்கும், சிலதில் ரெண்டு.

எது வேணும் என்று அவள் யாருக்கும் சொல்வதில்லை. வருகிறவர்களே தேர்ந்து கொண்டுவரணும். சரியாய் இருந்தால் கயிற்றில் கட்டுவாள். இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவாள்.

இசக்கியப்பன் பையைத் திறந்து, பொண்ணு வீட்டில் தட்டு வைக்கிற மாதிரி எடுத்து வைத்தார்.

இடது காலுக்கு ஒரு முள். வலது காலுக்கு ரெண்டு முள்.

“ரெண்டு ஜோடியைப் பிரிச்சு ஒரு ஜோடி பண்ணீங்களா?”

“ஆமா தாயி. உங்களது அப்படித்தான இருக்கு? போன வருசம் ஊர் சுத்திப் பாக்க வந்தவன், நீங்க ஏறுனதைப் பாத்தேன். பல்லி சொவத்துல போறாப்ல போனீக. மத்தவுக எல்லாம் உங்க கையில இருந்த ஐஸ் கோடாரியைப் பாத்தாக. நான் காலைப் பாத்தேன். இதுல ஒண்ணு, அதுல ரெண்டு! அடேயப்பா, சூட்சுமம் இங்கனதான் இருக்குன்னு பிடிச்சுக்கிட்டேன்.”

“யார்கிட்டயும் சொன்னீங்களா?”

“சொல்லுவேனா!”

“உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் இதையேதான் கொண்டுவந்தாங்க. யார்கிட்டயும் சொல்லலைன்னுதான் அவங்களும் சொன்னாங்க.”

இசக்கியப்பன் முகம் சின்னதாய்ப் போனது.

அவள் தன் நகங்களை மாட்டிக்கொண்டு அருவியில் கால் வைத்தாள்.

ஒரு உதை. அவ்வளவுதான். மறு உதை கிடையாது. முள் உள்ளே போன சத்தம், வெற்றிலையைக் கிள்ளுகிற மாதிரி. குதிகால் ஒரு நூல் ஆடவில்லை. ஐஸ் ஒரு சில்லுகூட உதிரவில்லை. அந்த நெட்டுச் சுவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குவது போல இருந்தது இவருக்கு. கண் நிறைந்துபோனது.

அவள் இறங்கி வந்தாள்.

“இப்ப நீங்க. இடுப்பு உயரம் போதும். ஏற வேணாம், நின்னு காட்டுங்க.”

வலது கால் நின்றது. இடது கால் உதைத்த உடனே ஒற்றை முள்ளில் வலமும் இடமுமாய்ச் சுற்றியது. மறுபடி உதைத்தார். ஐஸ் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. மூன்றாம் உதைக்கு ஆளே கீழே வந்துவிட்டார்.

“நீங்க போட்டா நிக்குது. நான் போட்டா சுத்துது. என்ன தாயி இது?”

சகாயராணி பாறையில் உட்கார்ந்தாள். இடது பூட்ஸைக் கழற்றினாள். காலுறையையும் உருவினாள்.

கணுக்காலைச் சுற்றித் தழும்பு.

“பிடிச்சு அசைச்சுப் பாருங்க.”

குருவின் காலைத் தொடக் கை கூசியது. தொட்டார். அசைத்தார். கதவுநிலை மாதிரி இருந்தது. பாதமும் கெண்டைக்காலும் ஒரே கட்டை.

“மேலேர்ந்து கல்லு விழுந்துச்சு. எலும்பு சேந்துருச்சு, ஆனா கணுக்கால் எந்தப் பக்கமும் சாயாது. ரெண்டு முள்ளு போட்டா ஒண்ணு ஐஸைத் தொடும், இன்னொண்ணு அந்தரத்துல நிக்கும். அதனால இந்தக் காலுக்கு ஒண்ணு. கணுக்கால் அசையாததால அது சுத்தாது.”

“இந்தக் காலை வச்சுக்கிட்டா... அம்புட்டு உயரம்...”

 பிடித்த காலை விட அவருக்கு மனசு வரவில்லை.

அவள் காலை இழுத்துக்கொண்டு உறையை மாட்டினாள்.

“உங்க கால் எப்படி அண்ணாச்சி?”

இசக்கியப்பன் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். 

அவள் எந்தக் காலை முதலில் வைப்பாள், குதிகாலை எவ்வளவு தாழ்த்துவாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். தன் காலை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பனியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“ஐயோ, என்ன பண்றீங்க? விறைச்சுப் போயிரும் அண்ணாச்சி!”

“செத்த பொறுங்க தாயி.”

உறை ரெண்டையும் உருவிப் போட்டார். வெறும் பாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து, புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“ஏ தாயி, இங்கன பாருங்களேன். எடது கட்டை விரலு வெளியத் திரும்பில்லா இருக்கு!”

சகாயராணி தோளில் கிடந்த கயிற்றை இறக்கி, அவர் இடுப்பில் கட்ட முனையைத் தேடினாள்.