எழிலரசி மெஸ்ஸின் பின்வாசல்

இட்லிக் கடையில் என்ன பெரிய புதிர் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கொலை நடந்த வீட்டில்கூட இவ்வளவு சிக்கல் இருக்காது. பொறுமையாகக் கேளுங்கள். தீர்ப்பு கடைசியில் உங்களுடையது.

காலனியில் பிறந்தவள் கடைவீதியில் உட்கார்ந்து சோறு விற்பது அந்த ஊரில் அதுவரை நடந்ததில்லை. எழிலரசிதான் முதல் ஆள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் வைத்தவள், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் முதல் அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் நாளே வந்து உட்கார்ந்தவர் டைம் கீப்பர் வேதாசலம். அவர் விசில் ஊதாமல் அங்கே ஒரு பஸ்ஸும் நகராது. அவர் எந்தக் கடையில் சாப்பிடுகிறாரோ அங்கேதான் டிரைவர், கண்டக்டர் எல்லாரும் சாப்பிடுவார்கள். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட என்றாள் எழிலரசி. ஓகோ என்று தலையை ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டு வை, சட்னி கெட்டியாக ஊற்று என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் வேறு கடைக்குப் போனதில்லை.

வியாபாரம் சூடு பிடித்தது. கூடவே அவளைப் பயமும் பிடித்துக்கொண்டது. காலனி ஆட்கள் கடைக்குள் வந்தால் குட்டு உடைந்துவிடும், ஒரே நாளில் பெஞ்சு காலியாகிவிடும் என்று நினைத்தாள். அதனால் அவர்களுக்கெல்லாம் பின்வாசலில் பார்சல்தான். கூடப் பிறந்த அண்ணன் புகழேந்திக்கும் அதே பின்வாசல்தான். மனுஷன் சாக்கடையோரம் நின்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவான். அவன் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சை அறுக்கும். என்ன செய்வது, காலனிப் பெண்கள் நாலு பேர் அந்தச் சமையல்கட்டை நம்பிப் பிழைத்தார்கள். கடை போனால் அவர்கள் வீட்டு உலையும் போகும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

இப்படியிருக்கையில் காலனிச் சங்கம் கூடியது. காலையில் நம் கைக்கு வருகிற கூலி சாயங்காலமே அடுத்தவன் கல்லாவுக்குப் போய்விடுகிறது, இனிமேல் நம் ஆட்கள் கடையிலேயே வாங்குவோம், நம் காசு நமக்குள்ளேயே புழங்கட்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். பேசியவன் புகழேந்தி. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தங்கச்சிக்கு ஒத்தாசை என்றுதான் அவன் நினைத்தான். எழிலரசியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் எழுந்தது. எழிலரசியின் படம். அதன் கீழே, ‘எங்கள் காலனியின் பெருமை, எங்கள் சகோதரியின் உணவகத்தை ஆதரிப்போம்’. பின்னாலேயே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தார்கள். அந்தக் கேட்டுக்கு அப்பால் காலனியை விட்டால் கருவேலங்காடுதான். வருகிறவர்கள் யார் என்று ஊரில் ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் முன்வாசல் வழியாக நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அண்ணனுக்கு அவளே இலை போட்டுப் பரிமாறினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அவளுக்குப் பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேதாசலம் வரவில்லை. அவர் வராததால் டிரைவர்களும் வரவில்லை. வடித்த சோறு வடித்தபடியே கிடந்தது. காலனி ஜனங்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். ஆனால் விடிவதற்குள் கூழைக் கரைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் அவர்கள். வாரம் ஒரு நாள் கடையில் சாப்பிடுவதே அவர்களுக்குப் பெரிய பாடு. நாலு பெண்களில் இரண்டு பேரை முதலில் நிறுத்தினாள். பிறகு மற்ற இரண்டு பேரையும் நிறுத்தினாள். அவர்களும் சூளைக்கே போனார்கள்.

கடையைக் காலி செய்கிற அன்று புகழேந்தி பாத்திரம் கட்ட வந்திருந்தான். வேதாசலம் எதிர்ச்சாரியில் போனார். எழிலரசி இறங்கிப் போய் அவரை மறித்து, நான் என்ன சார் தப்பு செய்தேன் என்று கேட்டேவிட்டாள்.

“இத்தனை நாள் எங்களை ஏமாத்திட்டியேம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ஒண்ணும் வித்தியாசம் பாக்கிற ஆள் இல்ல” என்றார் அவர்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “பேனரைக் கட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேண்ணே.”

“நான் கட்டினது பேனர்தான். கூடப் பொறந்தவன சாக்கடையில நிக்கவச்சு மறைச்சது யாரு?”

எல்லாம் நான் மறைத்ததால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டே ஷட்டரை இழுத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். மறைத்த தங்கை, விளம்பரப்படுத்திய அண்ணன், ஏமாந்துபோனேன் என்கிற டைம் கீப்பர். இந்த மூன்று பேரில் அந்தக் கடையைச் சாத்தியது யார்?

விடை: வேதாசலம்தான். அவர் ஏமாறவே இல்லை. முதல் நாளே வீடு எங்கே என்று கேட்டார், அவளும் உள்ளதைச் சொன்னாள். கேட்டுக்கு அப்பால் காலனியைத் தவிர ஒரு வீடு கிடையாது என்பது அத்தனை பஸ்ஸுக்கும் வழி சொல்லி அனுப்புகிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் இன்னும் இரண்டு வை என்றார். தனக்குத் தெரியும் என்பது அடுத்தவனுக்குத் தெரியாதவரை அவருக்கு அந்த இட்லி ருசித்தது. ஃப்ளெக்ஸ் ஏறியபின், நீ அங்கேயா சாப்பிடுகிறாய் என்று சொந்தக்காரன் கேட்டால் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அதனால் எழுந்துகொண்டார். முதல் நாள் தான் சொன்ன பதில் எழிலரசிக்கு நினைவுக்கு வந்தது, பூட்டைப் போட்ட பிறகுதான். ஏற்கெனவே உண்மை தெரிந்தவரிடமே மறைப்பதற்காக அண்ணனை இத்தனை வருஷம் சாக்கடையோரம் நிற்கவைத்திருக்கிறாள். அதைச் சொல்லி அழலாம் என்று திரும்பினாள். அவன் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், பின்வாசல் சந்து வழியாகவே போய்விட்டிருந்தான்.