டீ நேரத்தில் ஓடிய கேபிள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே நெட்வொர்க் கேபிள் இழுப்பவள் சுகந்தி. அன்று காலை, வெல்டிங் மெஷின் கரண்டுக்குப் பக்கத்தில் சாதாக் கேபிள் தாங்காது, கண்ணாடி இழைக் கேபிள்தான் சரி என்று அவள் சொன்னதற்கு, சாதாக் கேபிளை வாங்கிப் போட்ட மேனேஜர் வரதராசன் பொங்கிவிட்டார்.

"தினமும் நானே பார்க்கிறேன், நல்லா ஓடுது. இன்னிக்கு முதலாளி முன்னாடியும் ஓடுச்சுன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

சத்தம் ஆகாத மேனேஜர் பட்டறைக்குள் வருவது டீ இடைவேளையில் மட்டும்தான். அன்றும் மெஷின்கள் நின்ற பிறகே முதலாளியை அழைத்து வந்தார். அந்தக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்கு வந்த படம் தடங்கலில்லாமல் ஓடியது.

"போலாங்களா?" என்று முதலாளியைக் கேட்டார் மேனேஜர்.

சுகந்தி கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். "குடிச்சுட்டுப் போங்க முதலாளி."

முதலாளியால் ஊதி ஊதித்தான் குடிக்க முடிந்தது. பாதி டம்ளரில் மணி அடித்தது. வெல்டர்கள் வேலையைத் தொடங்கினார்கள், பொறி பறந்தது, திரையில் படம் அப்படியே நின்றுவிட்டது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டீயைப் பார்த்தார்.

"மேனேஜர் சொன்னது சரிதானுங்க," என்றாள் சுகந்தி. "இந்தக் கேபிளே போதும். ஆளுங்களை மட்டும் நாள் முழுக்க டீ குடிக்கச் சொல்லிருங்க."