நிற்கக் கூடாத வீதி

ராஜாக்கள் பல்லக்கில் போக, மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்ட காலத்தில், தென்கழி நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் எதையாவது பார்த்து ஆசைப்பட்டால் அது அன்றைக்கே வேண்டும். பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனவன், அங்கே அகலமாக வெறிச்சென்று கிடந்த ராஜவீதியைப் பார்த்துச் சொக்கிப்போனான். ஊர் திரும்பியதும், "நம் கடைவீதியும் அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

அதை நிறைவேற்ற முந்திக்கொண்டு வந்தவன் காவல் தலைவன் வீரகண்டன். மந்திரி காரியாரைக் கண்டாலே வயிறெரிகிற ஆசாமி. கடைவாசல் பந்தல்களைப் பிரித்தான், நடுவில் நின்ற புளியமரத்தை வெட்டினான், வீதியில் எந்த வாகனமும் நிற்கக் கூடாது என்று பறையறைவித்தான். நின்ற வண்டியின் கடையாணியைக் காவலர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடையாணி போனால் சக்கரம் கழன்றுவிடாதா? வண்டி அங்கேயேதான் நிற்கும். அப்படி நின்றதற்கு மறுபடியும் தண்டனை!

பொறுத்துப் பார்த்த வீதிக்காரர்கள் சபைக்கே வந்துவிட்டார்கள். பணியாரக் கடைக்காரி அங்கச்சி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமி, வண்டி நின்னாத்தானே மூட்டை எறங்கும்? ஓடுற வண்டியில இருந்து உப்பை எப்பிடி எறக்குறது? ஆணியப் புடுங்கிட்டு நகருன்னா எப்பிடி நகரும்? வர்ற அமாவாசையோட அடுப்ப அணைச்சிட்டு வேற ஊரு பாத்துக்கிறோம்."

ராஜாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீரகண்டன் மீசையை நீவினான். "உத்தரவு எல்லாருக்கும் ஒன்றுதான், மகாராஜா. நாளைக்குத் தாங்களே வந்து நின்றாலும் என் காவலர்கள் விடமாட்டார்கள்!"

"சபாஷ்! அதுவல்லவா கண்டிப்பு!" என்று ராஜா தொடையைத் தட்டினான். வந்தவர்கள் தலைகுனிந்து திரும்பினார்கள்.

காரியார் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த வயதில், ஓர் உப்பு வண்டியிலிருந்து அவர் குதித்து இறங்கியதே அந்த வீதியில்தான். அன்றைக்குப் பேரம் பேசுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இப்போது அங்கே போனால் அவருடைய செருப்புச் சத்தம்தான் அவருக்குக் கேட்டது. வாதாடினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வான் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் மெல்லப் பேச்சை எடுத்தார். "மகாராஜா, சிறுபிள்ளையில் மதிலேறிக் குதித்துப் போய்ச் சாப்பிடுவீர்களே, வெல்லப் பணியாரம்..."

ராஜாவின் கண்கள் மின்னின. "மறப்பேனா! புளியமரத்தடியில் உட்கார்ந்து, விரல் சுடச்சுட ஊதி ஊதித் தின்பேன். அதைச் சுட்டுக் கொடுத்த பெண் இப்போது எங்கே?"

"நேற்று சபையில் முறையிட்டாளே, அவள்தான்."

ராஜா ஆசனத்தைவிட்டு எழுந்தான். பிறகு, "நாலு பணியாரம் கொண்டுவரச் சொல்லும்" என்றான்.

"ஆறிப்போகுமே, மகாராஜா. சட்டியிலிருந்து கைக்கு வந்தால்தானே அந்த ருசி?"

உடனே பல்லக்கு கிளம்பியது. கடைவீதியில், காரியார் சொல்லி அனுப்பியிருந்தபடி, அங்கச்சி வாழையிலையில் பணியாரத்தோடு காத்திருந்தாள். பல்லக்கு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்கள்!"

"நிக்கக் கூடாதுங்க, மகாராஜா. உத்தரவு" என்றான் முன்தண்டு தூக்கியவன்.

கோடி வரை போய்த் திரும்பினார்கள். அங்கச்சி கூடவே ஓடி இலையை நீட்டினாள். ராஜா எட்டிப் பிடிக்கப் பார்த்தான். ஒரு பணியாரம் கிரீடத்தில் பட்டுப் புழுதியில் உருண்டது. "இறக்குங்கடா!" என்று அவன் கத்திய கத்தலில் பல்லக்கு தரைக்கு வந்தது.

வந்ததுதான் தாமதம், காவலர்கள் ஓடிவந்து பல்லக்குத் தண்டை உருவிக்கொண்டார்கள். சபையில் சபாஷ் வாங்கிய உத்தரவாயிற்றே!

"தண்டு இல்லாமல் நான் எப்படியடா போவது?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

காரியார் கைகட்டிக்கொண்டு, "வண்டிக்காரர்களும் இதைத்தான் கேட்டார்கள், மகாராஜா" என்றார்.

ராஜா அவரை முறைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மூச்சிரைக்க வந்து சேர்ந்த வீரகண்டன், "மகாராஜாவுக்கு மட்டும் விலக்கு..." என்று குழைந்தான்.

"எனக்கு நீ விலக்குக் கொடுப்பாய். உப்பு வண்டிக்கு யார் கொடுப்பது? வீதியின் ஒரு பக்கம் வண்டிகள் நிற்கட்டும், மறுபக்கம் வழியாக இருக்கட்டும். பிடுங்கிய கடையாணிகளை எல்லாம் நீயே உன் கையால் அடித்துக் கொடு. பந்தல்களையும் நீயே போடு!" என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றிக் காரியார் கழுத்தில் போட்டான். வீதியே ஆரவாரித்தது.

இலையை வாங்கிக்கொண்டு ராஜா ஆசையாகத் திரும்பினான். "மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்."

மரம் நின்ற இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. வெயில் மட்டும் காய்ந்தது.

"வெட்டச் சொன்னது நான்தான், இல்லையா?" என்றான் ராஜா.

அங்கச்சி முறத்தை எடுத்துவந்து அவன் தலைக்கு மேலே பிடித்தாள். "ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க, சாமி."

சாப்பிட்டான். ருசி அப்படியே இருந்தது. அதுதான் அவனை அழவைத்தது.

"கன்று நடலாம், மகாராஜா" என்றார் காரியார்.

"அதன் நிழலில் நான் உட்காருவேனா?"

"நாம் உட்கார மாட்டோம். இவர்களுடைய பேரப்பிள்ளைகள் உட்காருவார்கள்."

ராஜா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மண்வெட்டியை வாங்கித் தானே குழி தோண்டத் தொடங்கினான். அங்கச்சி அடுப்பில் விறகைத் தள்ளி, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றினாள்.