அமைதி அறையின் சாவி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் தினமும் தொந்தரவு கொடுப்பார்கள். கூண்டைச் சாய்ப்பார்கள், அடியில் பரப்பிய மரத்தூளை நனைப்பார்கள்.

இரண்டாவது, அமைதி அறை. காலையில் ஒரு தடவை தீனி, தண்ணீர். அவ்வளவுதான். அதை வைப்பது நான்தான், அறையின் சாவியும் என்னிடம்.

இந்த ஆராய்ச்சியைச் செய்யும் ரிஸ்வானா மேடத்திடம் ஒருநாள் கேட்டேன்.

"கவலை தலைக்குள்ளே போயிடும்னு சொல்றாங்களே, எந்த வழியா போகும் மேடம்?"

மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் எனக்கு அவர்தான் குரு.

மூளையில் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் இறுக ஒட்டிக்கொண்டு வேலியாக நிற்குமாம். அந்தப் பசையைச் செய்ய வைப்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு மரபணு. தொந்தரவு வாரக்கணக்கில் நீண்டால் அது அடங்கிப்போகும். பசை குறையும். வேலி கசியும். ரத்தத்தில் நீலச் சாயம் ஏற்றினால் மூளையிலும் நீலம் தெரியும்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கவலையை நிறமாகப் பார்க்கலாமா! ஆராய்ச்சி நடந்த ஆறு வாரமும் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சாயம் ஏற்றிப் பார்க்கும் நாள் வந்தது.

தொந்தரவு அறை எலிகளின் மூளையில் நீலம்.

அமைதி அறை எலிகளின் மூளையிலும் நீலம்.

மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒப்பிட ஒன்றுமில்லை, செய்ததெல்லாம் வீண் என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்களாம்.

அமைதி அறைக்குள் யார் போனது என்று கேட்டார்.

"ஒருத்தரையும் விடலை மேடம். தண்ணி சொட்டுதா, மூச்சு இருக்கான்னு நான்தான் திறந்து திறந்து பார்த்துக்கிட்டேன். கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருக்கிற மகளுக்குப் போன் போடுற நேரம் தவிர அங்கேயேதான் இருந்தேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா?"

"எலியையா, மகளையா?"

மேடம் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "ரெண்டும்."

"ரெண்டுமே பதினஞ்சு பதினஞ்சு இருக்கும். எலி ஒண்ணும் சொல்லலை. மகதான் இப்பல்லாம் எரிஞ்சு விழுறா. தூக்கமும் வரலையாம்."

மேடம் திட்டவில்லை. காலியாகிவிட்ட அமைதி அறையில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்க."

உட்கார்ந்தேன். குளுகுளுவென்று இருந்தது. கண் செருகியது.

கதவு திறந்தது. "நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன் மேடம்."

கதவு மூடியது. மறுபடி கண் செருகியது. மறுபடி கதவு.

"நல்லா இருக்கீங்களா?"

நாலாவது தடவை தூக்கிவாரிப் போட்டது. ஏழாவது தடவை, தாழ்ப்பாள் சத்தம் வருவதற்கு முன்பே என் தோள் இறுகிவிட்டது. கதவு மூடியிருந்த நேரத்திலும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது.

அப்போது, கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு கதவையே பார்த்த எலிகள் ஞாபகத்துக்கு வந்தன. என்னை அடையாளம் தெரிந்து பார்க்கின்றன என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

பத்தாவது தடவை மேடம் உள்ளேயே வந்துவிட்டார். கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

சாவியை அதில் வைத்தேன்.

அவர் விரல்களை மூடப் போனார்.

"இருங்க மேடம்" என்றேன். என் போனை எடுத்துச் சாவியின் மேல் வைத்தேன்.

"சாயங்காலம் ஒரு தடவை மட்டும் போனைக் குடுங்க."